வக்காலத்தில் ஐந்தாவது பெயர்

காலை பத்தே முக்காலுக்கு அட்வகேட் பெர்னதெத்தின் நாக்கு மூன்றாவது முறையாக நின்றது.

எதிரே அரசு வழக்கறிஞர் தளவாய் உளுந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். "சொல்லுங்கம்மா. சுடலைமணி கேஸ்ல மத்தியானம் ரெண்டே காலுக்குத் தீர்ப்பு. தூக்குதான் கேட்டிருக்கேன். அதுல உங்களுக்கு என்ன?"

"அந்தக் கருவாட்டுக் கிடங்குக்குத் தீ வெச்சது..."

அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் ஐஸ் வைத்தது போல ஒரு குளிர். தாடை மரத்தது. நாக்கை யாரோ விரலால் அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. கழுத்தைக்கூட அசைக்க முடியவில்லை.

தளவாய் வடையைத் தட்டில் வைத்தார். அவளுக்கு இருப்பது போலவே அவர் காதுக்குப் பின்னாலும் ஒரு தழும்பு உண்டு.

"பூட்டா?" என்றார் மெல்ல. பிறகு சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதையும் பாக்கல. விதி பதினாலு. பூட்டு விழுந்ததை வெச்சு எந்த வக்கீலும் எதையும் ஊகிக்கப்படாது. நீங்க இங்க வரவே இல்ல. கிளம்புங்கம்மா, புண்ணியமாப் போகும்."

பெர்னதெத் கிளம்பினாள். வாசலைத் தாண்டியதும் நாக்கு விடுபட்டது.

வருடம் 2078. ஊர் முத்தரைப்பட்டினம், மாவட்ட நீதிமன்ற வளாகம். ஒரு காலத்தில் வக்கீல் ஆவதற்குக் கறுப்பு அங்கியும், கழுத்தில் வெள்ளைப் பட்டையும், பதிவுச் சான்றான சன்னதும் போதும். கட்சிக்காரன் சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன் என்பது வெறும் வாக்குறுதி. பதினைந்து வருடங்களுக்கு முன்பு அந்த வாக்குறுதி சந்தைக்குப் போனது. பல ஆயிரம் கட்சிக்காரர்களின் அந்தரங்கங்களைச் சில வக்கீல் அலுவலகங்கள் ஒரு தகவல் வியாபாரிக்கு விற்றிருந்தன. விவாகரத்து, கள்ளக் காதல், நோய், பெற்ற பிள்ளை மேல் கொடுத்த புகார், எல்லாம் கடை விரிக்கப்பட்டது. குடும்பங்கள் சிதறின. நீதிமன்ற வாசலில் ஜனங்கள் வக்கீல்களைச் செருப்பால் அடித்தார்கள்.

தொழிலின் மானத்தைக் காப்பாற்ற மாநில வழக்கறிஞர் ஆணையம் தானே முன்வந்து கொண்டுவந்ததுதான் பூட்டு. காதுக்குப் பின்னால் அரிசி மணி அளவு. அது இல்லாமல் சன்னது இல்லை. கட்சிக்காரன் நம்பிச் சொன்னதை வக்கீல் பிறரிடம் சொல்ல நினைத்தாலே நரம்பைப் பிடிக்கும். பேச முடியாது, எழுத முடியாது, ஜாடை காட்ட முடியாது. கட்சிக்காரனே சம்மதித்தால் திறக்கும். சன்னதைத் திருப்பிக் கொடுத்தால்? பூட்டைக் கழற்றும்போதே கட்சிக்காரர்கள் சொன்ன அத்தனையையும் மூளையிலிருந்து கழுவிவிடுவார்கள்.

அன்றைக்கு எல்லா வக்கீல்களும் கைதட்டினார்கள். பெர்னதெத்தும் தட்டினாள்.

பொன்னுதுரை அவளிடம் வந்தது ஏழு மாதங்களுக்கு முன்பு. கிடங்கில் அவனுக்குப் பாதிப் பங்கு. தீ விபத்துக்குப் பிறகு போலீஸ் பிடித்து வைத்திருந்த அவன் மினி லாரியைத் திருப்பிக் கேட்டு மனுப் போட வந்தான். அவளைத் தன் வக்கீலாக நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அழுதான்.

"பங்காளி மேல ஆத்திரம்மா. சரக்கு எரியட்டும்னுதான் வெச்சேன். உள்ள மூணு பேரு படுத்திருப்பாங்கன்னு சத்தியமாத் தெரியாது. ஒங்ககிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. நீங்க சொல்ல முடியாதுல்லா?"

அதே பொன்னுதுரைதான் பிறகு கூண்டில் ஏறி, வேலையிலிருந்து நீக்கப்பட்ட காவலாளி சுடலைமணி பெட்ரோல் கேனோடு ஓடியதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னான். நேரில் பார்த்த வேறு சாட்சி கிடையாது. அது போதுமானதாக இருந்தது.

பெர்னதெத் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். மூன்றாவது எழுத்தில் கை நின்றது. கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தாள். பூட்டுக்குச் சாமியும் ஒன்றுதான், போலீஸும் ஒன்றுதான்.

கேன்டீனின் கடைசி மேசையில் செய்யது தனியாக உட்கார்ந்திருந்தான். சுடலைமணிக்கு இலவச சட்ட உதவியில் வாதாடியவன். முப்பத்தைந்து வயது. முன்பு பெர்னதெத்தோடு ஒரே சேம்பரில் ஜூனியராக இருந்தவன். அவர்கள் சீனியர் ஆவுடையப்பன் இறந்து, சேம்பர் பெர்னதெத் கைக்கு வந்ததும், தனியாகத் தொழில் தொடங்கிப் போய் மூன்று வருடம் ஆகிறது. அவன் முன்னால் இட்லி ஆறிப்போயிருந்தது.

"உக்காருங்கக்கா. ஒங்க மூஞ்சியும் என் மூஞ்சி மாதிரியே இருக்கே, யாரு வீட்ல எழவு?"

"சும்மா இரு. என்ன ஆகும்னு நெனைக்க?"

"தூக்கு. விரைவு நீதிச் சட்டத்துல உண்மை மேல அப்பீலே கிடையாது. சட்டப் பாயிண்ட் இருந்தாத்தான் மேல போகலாம். எனக்கு ஒரு பாயிண்டும் கிடைக்கல. அந்தப் பொன்னுதுரையை ரெண்டு நாள் குறுக்கு விசாரணை பண்ணுனேன், எலி மாதிரி நழுவுதான்." செய்யது கண்ணைத் துடைத்தான். "நேத்து சுடலைமணி கேக்கான், 'சார், தூக்குல போடுறப்ப காலைல சாப்பாடு குடுப்பாங்களா'ன்னு. என்ன சொல்ல?"

நாக்கு நிற்கும் என்று தெரிந்தேதான் பெர்னதெத் வாயைத் திறந்தாள்.

"செய்யது, பொன்னுதுரைதான்டே தீ வெச்சான்."

வார்த்தை வெளியே வந்துவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேன்டீன் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"என்னக்கா சொன்னீங்க?"

"பொன்னுதுரை. என் கட்சிக்காரன். அவன் வாயாலயே எங்கிட்ட..."

சர்வர் வந்து காபியை வைத்தான். நாக்கு நின்றது. காதுக்குப் பின்னால் குளிர். சர்வர் அடுத்த மேசைக்குப் போனான். நாக்கு திறந்தது.

"...சொன்னான். பங்காளி மேல உள்ள கோவத்துல வெச்சானாம். ஆள் படுத்திருந்தது தெரியாதாம்."

"ஒங்க பூட்டு ரிப்பேரா?"

"சர்வர் வந்ததும் நின்னுச்சே, பாக்கலியா? பூட்டு நல்லாத்தான் இருக்கு. ஒங்கிட்ட மட்டும் தொறக்குது. ஒரே வக்காலத்துல இருக்கிற வக்கீலுங்க தங்களுக்குள்ள பேசிக்கலாம். வேற யாருகிட்டயும் தொறக்காது."

"நான் எப்படிக்கா ஒங்க வக்காலத்துல?"

பத்து நிமிடத்தில் இருவரும் சேம்பரில் இருந்தார்கள். குமாஸ்தா பிச்சையா அலமாரியிலிருந்து வழக்குக் கட்டை எடுத்துப் போட்டார். வக்கீல் தொழிலில் ஒரு பழைய பழக்கம்: சேம்பரில் இருக்கிற அத்தனை பேர் பெயரையும் வக்காலத்துப் படிவத்தில் வரிசையாக அச்சடித்துவிடுவது. யாருக்கு எந்த நாள் காய்ச்சல் வருமோ, வாய்தா வாங்க ஒரு ஆள் வேண்டுமே. கட்சிக்காரன் அந்தப் பெயர்களைப் படிப்பதுகூட இல்லை.

பொன்னுதுரையின் வக்காலத்து நகலில் ஐந்து பெயர்கள். ஐந்தாவது, கே. செய்யது இப்ராகிம்.

பிச்சையா தலையைச் சொறிந்தார். "ஆயிரம் படிவம் அடிச்சோம்மா. தம்பி தனியாப் போனப்ப முந்நூறு மிச்சம். கிழிச்சுப் போட மனசு வரல. ஒவ்வொண்ணுலயும் தம்பி பேரைப் பேனாவால அடிச்சுட்டுத்தான் குடுப்பேன். அன்னைக்கு அவசரத்துல விட்டுப்போச்சு. கையெழுத்து நீங்க மட்டும்தானே போட்டீங்க, அதான் கம்ப்யூட்டரும் ஒண்ணும் சொல்லல."

"கம்ப்யூட்டர் கையெழுத்தைத்தான் பாக்கும்," என்றான் செய்யது. "ஒரு வக்கீல் ரெண்டு பக்கமும் நிக்கானான்னு தேடுறது அதை வெச்சுத்தான். பூட்டு அப்படியில்ல. அச்சுல இருக்கிற பேரையெல்லாம் படிச்சுச் சேத்துக்கிடும்." அவன் நகலைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். "நான் ஜட்ஜைப் பாத்துட்டு வாரேன்!"

"செய்யது, நில்லு!"

பாதி வராந்தாவில் அவன் நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். எதிரே வந்த நீதிமன்ற ஊழியரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி, சிலை மாதிரி.

அவன் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பிச்சையாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"இப்ப நீயும் அவன் வக்கீல்," என்றாள் பெர்னதெத். "ஒனக்குத் தெரியும், ஆனா சொல்ல முடியாது. தனியாத் துடிச்சேன். இப்ப ரெண்டு பேராத் துடிக்கலாம். ஒன்னைக் கெடுத்ததுதான் மிச்சம்."

மணி பன்னிரண்டு இருபது. செய்யது நகலை மேசையில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கட்சிக்காரன் சொன்னது ரகசியம். இந்தத் தாளு?"

"இது கோர்ட்ல தாக்கல் ஆனது. யாரு வேணும்னாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம்."

"அப்ப இதைப் பத்திப் பேசுனா நாக்கு நிக்காதுல்லா?" அவன் கண்கள் ஒளிர்ந்தன. "அரசுத் தரப்பு முக்கிய சாட்சியோட வக்காலத்துல என் பேரு. அதே கேஸ்ல சுடலைமணிக்கும் நான்தான் வக்கீல். அந்த சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணுனதும் நான். இதைவிடப் பெரிய சட்டப் பாயிண்ட் எவனுக்குக் கிடைக்கும்? மொத்த விசாரணையும் செல்லாது. புதுசா, வேற வக்கீலை வெச்சு முதல்லேர்ந்து."

"பைத்தியமாடே ஒனக்கு? தப்பா அச்சானதுன்னு ஜட்ஜ் தள்ளிவிட்டுருவாரு. ஒன் கையெழுத்தே இல்ல."

"அச்சுல உள்ள பேரை அந்த வக்கீல் மறுக்காதவரைக்கும் ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். ஆணையத்தோட விதி. நான் மறுக்கப்போறதில்ல."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் எழுந்தேவிட்டாள்.

"மறுக்கலேன்னா நீ ஒன் கட்சிக்காரனையே வித்தவன். சன்னது போயிரும். கழுவிருவாங்க, செய்யது. இப்ப நான் சொன்னதும் போயிரும். எதுக்காகச் செஞ்சேன்னு ஒனக்கே தெரியாமப் போகும். ஊரு என்ன சொல்லும்? வீட்ல என்ன சொல்லுவே?"

"அதான் எதுவும் ஞாபகம் இருக்காதே." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வேற வழி இருந்தாச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

இரண்டு மணி நேரமும் அவள் வேறு வழி தேடினாள். ஒரு முறை பொன்னுதுரைக்கே போன் போட்டுச் சம்மதம் கேட்டாள். "தூக்குல தொங்கச் சொல்லுதீங்களா?" என்று வைத்துவிட்டான்.

இரண்டே காலுக்கு நீதிபதி வைரவநாதன் வந்து அமர்ந்தார். கூண்டில் சுடலைமணி, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தான். நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்ப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினார். செய்யது எழுந்தான்.

"யுவர் ஹானர், தீர்ப்புக்கு முன்னால் ஒரு மனு. அரசுத் தரப்பு முதல் சாட்சி பொன்னுதுரை இதே குற்ற எண்ணில் தாக்கல் செய்த வக்காலத்தில் என் பெயர் இருக்கிறது."

கோர்ட்டில் சலசலப்பு. பின் வரிசையில் பொன்னுதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான். நீதிபதி நகலை வாங்கி நெருக்கமாகப் பார்த்தார்.

"அச்சில் இருக்கிறது. கையெழுத்து இல்லையே. பழைய படிவம்போல் தெரிகிறது. என்ன மிஸ்டர் செய்யது, தவறுதலாக அச்சானது என்று ஒரு வரி சொல்லுங்கள். பதிவு செய்துகொண்டு தீர்ப்பை வாசிக்கிறேன்."

செய்யது கூண்டைப் பார்த்தான்.

"ஒரே வரி. உங்களுக்காகத்தான் சொல்கிறேன்."

தளவாய் திரும்பிச் செய்யதைப் பார்த்தார். பிறகு பெர்னதெத்தைப் பார்த்தார். காலையில் பார்க்காதது போல நடித்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எதையும் மறுக்கப்போவதில்லை, யுவர் ஹானர்."

நீதிபதியின் முகம் இறுகியது. "வழக்கறிஞர் பெர்னதெத். இது உங்கள் சேம்பர் வக்காலத்து. பொன்னுதுரை உங்களை நம்பிச் சொன்ன விவரங்கள் இவருக்குத் தெரியுமா? விவரம் வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை."

எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதினொரு மணியிலிருந்து என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நின்றுவிடாதா என்று முதல் தடவையாக ஏங்கினாள். அது நிற்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் செய்யதின் பன்னிரண்டு வருடத் தொழில் முடிந்தது. விசாரணை முழுவதும் ரத்து, வேறு அதிகாரியைக் கொண்டு மறுபுலனாய்வு, புதிய வக்கீல், ஆணையத்துக்கு அறிக்கை என்று நீதிபதி சொல்லிக்கொண்டே போனார். சுடலைமணிக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி இதுதான்: தன் வக்கீல் எதிரிக்கும் வக்கீல்.

"வித்துட்டியே சார்!" கூண்டின் கம்பியைப் பிடித்து உலுக்கினான். "சோறு குடுப்பாங்களான்னு ஒங்கிட்டயே கேட்டேனே! ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டியே! நீ நல்லா இருப்பியா?"

போலீஸ்காரர்கள் அவனை இழுத்துப் போனார்கள். செய்யது கழுத்துப் பட்டையை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தான்.

ஆணையத்தின் ஒழுங்கு விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. "குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கழுவுவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. விதி விதிதான்.

எட்டு மாதம் கழித்துப் பெர்னதெத் அவனைத் தேடிப் போனாள். பஜாரில் மச்சானின் டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"வாங்கக்கா! டீ சொல்லட்டா? நீங்க வந்ததுல மச்சானுக்கே ஆச்சரியம். கோர்ட் ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல. வந்தாலும் என்னைப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போயிருதாங்க."

"சுடலைமணி கேஸ் முடிஞ்சுது. விடுதலை. புது வக்கீல் கேட்ட மூணாவது கேள்வியிலயே பொன்னுதுரை சாட்சி சிதறிப்போச்சு. மறுபுலனாய்வுல லாரியையும் தோண்டிட்டு இருக்காங்க."

"சந்தோஷம்." செய்யது பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன வாரம் ஒருத்தன் வந்தான். வாசப்படில காறித் துப்பிட்டு, 'நான்தான் சுடலைமணி'ன்னான். எனக்கு மொகமே தெரியல. வாளில தண்ணி எடுத்துக் கழுவிவிட்டேன். அவன் செஞ்சது நியாயம்தானேக்கா. நான் அவனை வித்திருக்கேன். எவ்வளவுக்கு வித்தேன்னு வீட்ல எல்லாம் தேடிப் பாத்தேன். ஒரு துப்பும் இல்ல. எம் பொண்டாட்டி ஒரு நாள் கேட்டா, பதில் சொல்ல முடியல. அதுக்கப்புறம் அவ கேக்கறதே இல்ல."

பெர்னதெத் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். கோர்ட்டில் முறைப்படி மனுப் போட்டு வாங்கிய வக்காலத்தின் சான்றிட்ட நகல்.

அவன் படித்தான். கட்சிக்காரர்கள்தான் கழுவிப் போயிருந்தார்கள், சட்டம் போகவில்லை. முதல் தடவை வேகமாகப் படித்தான். இரண்டாவது தடவை தேதியில் விரலை வைத்தான். பிறகு கையெழுத்துகள் இருக்கும் இடத்தில்.

"நான் சேம்பரை விட்டுப் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு இது போடும்போது. என் கையெழுத்து இல்ல. பிச்சையா அண்ணன் பேரை அடிக்காம விட்டிருக்காரு." அவன் நிமிர்ந்தான். "தப்பா அச்சாயிருச்சுன்னு ஒரு வரி சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேனே. கோர்ட்ல ஏன் சொல்லல? ஆணையத்துலயும் ஏன் சொல்லல?"

பெர்னதெத் வாயைத் திறந்தாள்.

காதுக்குப் பின்னால் குளிர். தாடை மரத்தது. அவன் பெயர் இப்போது எந்த வக்காலத்திலும் இல்லை. அவன் அந்நியன். கண்ணில் மட்டும் நீர் வந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் நரம்பைப் பூட்டு செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

செய்யது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய அசையாத கழுத்தையும் பாதியில் நின்ற உதட்டையும் பார்த்தான். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"விதி பதினாலு," என்றான் மெல்ல. "பூட்டு விழுந்ததை வெச்சு எந்த வக்கீலும் ஊகிக்கப்படாது."

அவன் முகத்தில் எட்டு மாதத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்திருந்தது.

"நான்தான் இப்ப வக்கீல் இல்லையேக்கா."

தெருவில் ஒரு மினி லாரி கடந்து போனது. பெர்னதெத்தின் நாக்கு மெதுவாக விடுபட்டது.

"சுடலைமணி இப்ப என்ன பண்ணுதான்?" என்று கேட்டான்.

"துறைமுகத்துல ஐஸ் பிளான்ட்ல வேலை." இதைச் சொல்வதைப் பூட்டு தடுக்கவில்லை. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது, செய்யது. என்னால சொல்லவும் முடியாது. இந்த வழியா வந்தா மறுபடியும் துப்புவான்."

"துப்பட்டும்க்கா. உசுரோட இருந்தாத்தானே துப்ப முடியும்."

உள்ளே யாரோ பாத்ரூம் டைல்ஸ் கேட்டார்கள். செய்யது எழுந்து போனான்.